துரு தின்ற காற்று

கீழ்வீட்டு அக்கா தன் புருஷன் துணியை மற்ற துணிகளோடு சேர்த்து ஊறவைக்க மாட்டாள். அதற்கென்று தனி வாளி, தனிக் கொடி. முதல் தண்ணீர் செங்கல்லைக் கரைத்த மாதிரி வரும். அதைக் கொட்டிவிட்டு மறுபடி அலசினால் கடுந்தேநீர் நிறம். எத்தனை தடவை அலசினாலும் கடைசித் தண்ணீரிலும் ஒரு மஞ்சள் தங்கியிருக்கும். "கட்டிக்கிட்டு வந்ததுலேருந்து அலசறேன் தம்பி, இந்த மனுஷன் நெஜ நிறம் என்னன்னு இன்னும் தெரியல" என்று மாடிப்படி ஏறுகிற என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். தலையணை உறையில்கூட அவர் தலை வைக்கிற இடத்தில் ஒரு பழுப்பு வட்டம் இருந்தது.

அவரைத் தெருவில் எல்லோரும் துரு மேஸ்திரி என்றுதான் சொல்வார்கள். துறைமுகத்தை ஒட்டிய கப்பல் பட்டறையில் துரு சுரண்டும் ஆட்களுக்கு அவர்தான் தலை. பழைய இரும்புப் படகுகளைக் கரையேற்றி, சுத்தியலால் தட்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, இரும்பு வெள்ளையாகத் தெரிந்ததும் பனி இறங்குவதற்குள் பிரைமர் பூச்சு அடித்து மறுபடி தண்ணீரில் விடுகிற வேலை. நான் அதே பட்டறையில் ஸ்டோர் பார்த்தேன். பிரஷ், பெயின்ட், போல்ட், கையுறை எல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான் போகும். குடியிருந்தது அவர்கள் வீட்டு மாடியில்.

மேஸ்திரிக்குத் துருவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது. "துருவ அழுக்குன்னு நெனைக்கறாங்க ஸ்டோர். அழுக்குன்னா கழுவினா போயிடும். இது இரும்பே வேற ஒண்ணா ஆயிடறது. ஈரமும் காத்தும் சேந்தா போதும், ஆரம்பிச்சிடும். உப்பும் கூட வந்துட்டா கேக்கவே வேணாம்" என்பார். படகின் அடியில் துத்தநாகக் கட்டிகளை வரிசையாகப் பொருத்தும்போது ஒவ்வொன்றையும் தட்டிக் கொடுப்பார். கடல் முதலில் அந்தக் கட்டிகளைத்தான் தின்னுமாம். அவை கரைந்து தீரும்வரை இரும்பை அவ்வளவாகத் தொடாதாம்.

அக்காவின் தம்பிகள் இரண்டு பேரும் அந்தப் பட்டறையில்தான் வேலை. கீழ்வீட்டுப் பக்கத்து அறையில் தங்கியிருந்தார்கள். மூத்தவன் வெல்டர், அதிகம் பேசமாட்டான், தோளால் ஒரு கதவைப் பெயர்க்கக்கூடியவன். இளையவனைப் பூனை என்று கூப்பிடுவோம். எந்தச் சந்தாக இருந்தாலும் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். குறுகலான இடத்தில் வேலை என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள், அதில் அவனுக்கு ஒரு பெருமையும் உண்டு. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்காது. "அக்கா, சோத்துல இன்னிக்கு இரும்புச்சத்து கம்மியா இருக்கு. மச்சான் கைய ஒரு தடவ இதுல முக்கி எடு" என்பான். மேஸ்திரி ஈரக் கையை உதறி அவன் முகத்தில் தண்ணீர் தெளிப்பார்.

அந்த வருஷம் வெயில் பேய் மாதிரி அடித்தது. காலைப் பொழுது பாதி போவதற்குள் படகுத் தளத்தில் கால் வைக்க முடியாது. சாக்கை நனைத்துப் போட்டு அதன்மேல்தான் உட்காருவார்கள். அப்போதுதான் அந்தப் பழைய பார்ஜ் வந்தது. என்ஜின் இல்லாத இரும்புப் படகு அது, சரக்கேற்றி இன்னொரு படகால் இழுத்துக்கொண்டு போவார்கள். ஏதோ வழக்கில் மாட்டி வருஷக்கணக்காக ஒரு மூலையில் கட்டிக் கிடந்ததாம். தளத்துக்குக் கீழே இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு பெரிய தண்ணீர்த் தொட்டிகள். படகு ஆடாமல் இருக்கக் கடல் தண்ணீர் நிரப்பும் தொட்டிகள். இரண்டுக்கும் மேலே ஆள் நுழைகிற அளவு வாய், அதற்கு இரும்பு மூடி, சுற்றிலும் போல்ட்.

முதல் தொட்டியின் மூடியைக் கழற்றவே மேஸ்திரிக்கு அரை நாள் ஆயிற்று. போல்ட்டெல்லாம் துருப்பிடித்து மூடியோடு ஒட்டிப்போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி, ஊறவிட்டு, தட்டி, திருகி, இரண்டு போல்ட் தலையோடு முறிந்து, கடைசியில் மூடி அசைந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அவர் மூடியைச் சும்மா வாய்மேல் சாய்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு ப்ளோயர் வரும். உள்ள காத்து அடிச்சு நல்லா ஓடினதுக்கு அப்புறம்தான் எவனா இருந்தாலும் எறங்கணும்" என்றார். ப்ளோயர் அன்று வேறொரு கப்பலில் இருந்தது. முதலாளி அனுப்பியிருந்தார்.

"அது வர்றதுக்குள்ள வெயில் ஏறிடும் மச்சான். உள்ள போனா வெந்துடுவோம்" என்றான் பூனை.

"வெந்தாலும் பரவால்ல. உள்ள காத்து செத்துக் கெடக்கும்."

"காத்து எங்கயாவது சாகுமா மச்சான்?"

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

மறுநாள் காலை மேஸ்திரி என் ஜன்னலுக்கு வந்து பிரஷ் எண்ணி வாங்கிக்கொண்டிருந்தார். ப்ளோயர் இன்னும் வந்திருக்கவில்லை. வெயில் சுள்ளென்று ஏறாத நேரம், கடல் பக்கமிருந்து குளிர்ச்சியாக வீசியது. அந்தக் குளிர்ச்சியை வீணாக்கக் கூடாது என்று பூனைக்குத் தோன்றியிருக்க வேண்டும். சுத்தியலையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு, மூடியைத் தள்ளி, ஏணியில் இறங்கிவிட்டான். யாரும் பார்க்கவில்லை. பார்ஜின் பின்பக்கம் வேலை செய்துகொண்டிருந்த வெல்டர்தான் தம்பியைக் காணோமே என்று வந்தவன், மூடி நகர்ந்திருப்பதைப் பார்த்துக் குனிந்து கத்தினான். அந்தக் கத்தலைக் கேட்டு நானும் மேஸ்திரியும் ஓடினோம். பிரஷ்கள் வழியெல்லாம் சிதறின.

நாங்கள் போய்ச் சேரும்போது வெல்டர் ஒரு காலைத் தொட்டிக்குள் விட்டிருந்தான். மேஸ்திரி அவனுடைய இடுப்பு பெல்ட்டைப் பிடித்து அப்படியே பின்னால் இழுத்துத் தள்ளினார். அவன் எழுந்து வருவதற்குள் அந்த வாயின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"விடுங்க மச்சான்! தம்பி உள்ள கெடக்கறான்!"

"போகாதடா! உள்ள காத்து இல்ல! போனா நீயும் அங்கயே விழுவ!"

"வெளக்கு எரியுது பாருங்க! காத்து இல்லாமயா வெளக்கு எரியுது?"

"அது டார்ச்சுடா! அதுக்குக் காத்து வேணாம்!"

நான் மேஸ்திரியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ஏணியின் அடியில் டார்ச் வெளிச்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்து கிடந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு கை. விரல்கள் ஏணியின் கடைசிப் படியைத் தொட்டபடி இருந்தன.

வெல்டர் மேஸ்திரியை அடித்தான். முதுகில், கழுத்தில், பிறகு முகத்தில். அவர் அசையவில்லை. உதடு கிழிந்து ரத்தம் இரும்புத் தளத்தில் சொட்டியது. "ரெண்டு பேரு வந்து இவனப் பிடிங்கடா! ஸ்டோர், கம்ப்ரஸர் ஓஸ இழு! பெயின்ட் அடிக்கற ஓஸு! ஓடு!" என்று படுத்தபடியே கத்தினார்.

"என் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கு. அதத் தெறந்து விடறேன்" என்று திமிறினான் வெல்டர்.

"வேணாம்! ஒரு பொறி பட்டாலும் துணியோட எரிஞ்சிடுவான். காத்துதான் வேணும். வெறும் காத்து!"

ஓஸ் குழாயை இழுத்து வந்து உள்ளே விட்டோம். காற்று சீறிக்கொண்டு இறங்கியது. அது எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அங்கே நின்றிருந்த ஒவ்வொருவனையும் கேட்டால் ஒவ்வொரு கணக்குச் சொல்வான். மேஸ்திரி தன் இடுப்பிலும் மார்பிலும் கயிறு கட்டிக்கொண்டார். இன்னொரு ஓஸின் நுனியை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கயிற்றின் மறுமுனையை வெல்டர் கையில் கொடுத்தார். "நான் விழுந்தா இழு. நீ மட்டும் எறங்காத" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அவர் கீழிருந்து தூக்கிக் கொடுக்க, முதலில் பூனை வந்தான். அவனுடைய ஒரு தோள் அந்த வாயில் சிக்கிக்கொண்டது. எந்தச் சந்திலும் நுழைகிறவன் வெளியே வர மாட்டாமல் சிக்கினான். மேலே கிடத்தியபோது முகம் சாம்பலாக இருந்தது. யாரோ நெஞ்சை அழுத்தினார்கள், யாரோ வாயில் ஊதினார்கள். பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. கடைசியாக ஏறி வந்த மேஸ்திரி தளத்திலேயே வாந்தி எடுத்தார்.

பூனை சாகவில்லை. மூச்சு வந்தது, நாடி வந்தது, கொஞ்ச நாளில் கண்ணும் திறந்தது. கண் திறந்ததே தவிர அது யார் மேலும் நிற்கவில்லை. "மூளைக்குக் காத்து போகாம இருந்துடுச்சு. இன்னும் கொஞ்சம் தேறலாம், தேறாமயும் போகலாம். வீட்டுல வச்சுப் பாத்துக்கோங்க, ஆனா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல இருங்க" என்று டாக்டர் சொன்னார். அப்படித்தான் கீழ்வீட்டு முன்னறையில் கட்டில் வந்தது. மூக்கில் குழாய், அதன் வழியாகக் கஞ்சித் தண்ணீரும் பாலும். வேளைக்கு வேளை திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். நான் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கை கொடுப்பேன்.

அக்காவின் அம்மா ஊரிலிருந்து வந்துவிட்டாள். மாவு மில்லில் மூட்டை தூக்கிப் பிள்ளைகளை வளர்த்தவள். மணிக்கட்டு ஆண்களுடையது போல இருக்கும். வந்த முதல் நாள் அழுதாள். அடுத்த நாள் மூத்த மகன் நடந்ததைச் சொன்னான்.

"கை எட்டற தூரத்துல கெடந்தான்மா. வெளிச்சத்துல கை நல்லாத் தெரிஞ்சுது. நான் போயிருந்தா அப்பவே தூக்கியிருப்பேன். இவரு வாசல அடைச்சிக்கிட்டுப் படுத்துக்கிட்டாரு. ஆளுங்கள விட்டு என்னப் பிடிக்க வச்சாரு."

அதற்குப் பிறகு அவள் மருமகனோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவர் வாங்கி வந்த அரிசியில்தான் சோறு, அவர் வாங்கி வந்த பால்தான் குழாயில் போயிற்று. ஆனால் சொல்ல வேண்டியது எதுவாக இருந்தாலும் மகள் வழியாகத்தான். "அந்த ஆளக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு, வெளிச்சத்த மறைக்கறாரு" என்பாள், அவர் பக்கத்திலேயே நிற்கும்போது. பூனையைத் திருப்பிப் போட அவர் கை நீட்டினால், "வேணாம்னு சொல்லு. ஒரு தடவ பிடிச்சது போதும்" என்பாள். அவர் கையை இழுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விடுவார்.

இரவல் வீட்டில் இருப்பவர் போல அவர் தன் வீட்டில் இருந்தார். பின்பக்கமாக வந்து, குழாயடியில் குளித்து, சமையலறையிலேயே நின்றுகொண்டு சாப்பிட்டுவிட்டுப் போவார். அக்கா அவருடைய துணியை மட்டும் வழக்கம் போலத் தனி வாளியில் ஊறவைத்தாள். சிரிப்புதான் நின்றுபோயிருந்தது.

ஒரு நாள் சமையலறையில் நடந்த பேச்சை அக்காதான் பிறகு என்னிடம் சொன்னாள். அவர் ரொட்டியைப் பிய்த்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாராம்.

"நீயும் அப்படித்தான் நெனைக்கறியா?"

"என்ன நெனைக்கறேன்னு எனக்கே தெரியலங்க. நீங்க வேணும்னு செய்யல. அது தெரியும்."

"வேணும்னு செய்யலன்னா, தெரியாம செஞ்சேன்னு அர்த்தமா?"

"எனக்குப் புரியற மாதிரி ஒரு தடவ சொல்லுங்களேன். இரும்பு எப்படிங்க காத்தத் திங்கும்? அதுக்கு வாயா இருக்கு?"

"துருன்னா என்னன்னு நெனைக்கற? இரும்பும் காத்தும் சேந்ததுதான் அது. வெளியில கெடக்கற இரும்பு எவ்வளவு தின்னாலும் காத்து வந்துக்கிட்டே இருக்கும், தெரியாது. மூடிப் போட்ட தொட்டிக்குள்ள அப்படியில்ல. ஈரம் இருக்கு, உப்பு இருக்கு, நாலு பக்கமும் இரும்பு. உள்ள இருந்த நல்ல காத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துக்கும். மிச்சம் இருக்கறது மூச்சுக்கு ஆகாது. வாசன வராது. கண்ணு எரியாது. நல்லாத்தான் இருக்குன்னு தோணும், ரெண்டு மூச்சு இழுப்பாங்க, கால் மடங்கிடும்."

"இத நீங்க பாத்திருக்கீங்களா?"

"வேற பட்டறையில. ஒருத்தன் விழுந்தான். அவன எடுக்க எறங்கினவன் விழுந்தான். அவன எடுக்க இன்னொருத்தன். மூணு பேரையும் ஒண்ணாப் படுக்க வச்சிருந்தாங்க. அத எங்கிட்டக் கேக்காத."

"நான் உங்கள நம்பறேங்க. இரும்பத்தான் நம்ப முடியல" என்று சொல்லிவிட்டு அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாளாம். அவர் அந்த ரொட்டியைத் தின்னாமலே வைத்துவிட்டுப் போனார்.

விஷயம் முற்றியது அதற்குப் பிறகுதான். வெல்டர் ஒரு வேன் பேசிவிட்டு வந்தான். பூனையை ஊருக்குக் கொண்டுபோவதென்று அம்மாவும் மகனும் முடிவு செய்திருந்தார்கள். நான் அப்போது பூனையின் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா கீழே கால் பக்கம்.

"ஊர்ல டாக்டர் எங்கம்மா இருக்கான்? குழாய் அடைச்சிக்கிட்டா யாரு மாத்துவாங்க?" என்றாள் அக்கா.

"இங்க இருந்து மட்டும் எழுந்து நடக்கறானா? இந்த வீட்டுல எனக்கு ஒரு வாய் எறங்கல. அவனுக்கு எப்படி எறங்கும்?"

"அவனுக்குக் குழாயில எறங்குதும்மா. உன் கோவத்துக்கு அவன ஏன் சாகடிக்கற?"

"யாருடி சாகடிக்கறது?" அம்மா எழுந்துவிட்டாள். "வாசல்ல படுத்து மூச்ச நிறுத்தினவன விட்டுட்டு என்னக் கேக்கறியா? உன் தம்பிதானே உள்ள கெடந்தான்? உன் புருஷனோட தம்பியா இருந்தா அப்படிப் படுத்திருப்பாரா? நீ எங்ககூட வர்றியா, இல்ல அந்த ஆளோட இருக்கப்போறியா? அத மட்டும் சொல்லு."

அக்கா பூனையின் காலை மெதுவாகக் கீழே வைத்தாள். போர்வையை இழுத்து மூடினாள். மேஸ்திரி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், எல்லாம் அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது.

"வர்றேன்" என்றாள். "ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்ங்க. அந்தப் படகுல இன்னொரு தொட்டி இருக்காம், இன்னும் மூடினபடியே. நீயும் பெரியவனும் போய்ப் பாருங்க. இவரு சொல்றது பொய்யின்னா நான் மூட்டையக் கட்டி வச்சிருக்கேன், உங்களோடயே வந்துடறேன். இந்த வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

"நெஜம்னா?" என்று கேட்டான் வெல்டர்.

"நெஜம்னா, நீ இன்னிக்கு உசுரோட நிக்கறது யாராலன்னு யோசி" என்றாள் அக்கா. வாசற்படியில் இருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பார்ஜில் யாரும் கை வைத்திருக்கவில்லை. விசாரணை முடிந்து, மறுபடி வேலை தொடங்கலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். ப்ளோயரும் வந்து தளத்தின் ஓரத்தில் நின்றது. அன்று காலை ஆட்கள் வருவதற்கு முன்பே மேஸ்திரி, வெல்டர், அம்மா, நான் என நான்கு பேரும் பார்ஜில் ஏறினோம். அம்மாவுக்கு நான் ஒரு காலி பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டேன். துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேஸ்திரி இரண்டாவது தொட்டியின் போல்ட்டுகளைக் கழற்றினார். இவையும் ஒட்டிப்போனவைதான். ஒவ்வொன்றும் இசைந்து கொடுக்கும்போது போட்ட கிறீச்சில் பல் கூசியது. வெல்டர் உதவிக்குப் போகவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கடைசி இரண்டு போல்ட்டுக்கு ஸ்பானர் வழுக்க ஆரம்பித்தபோது மட்டும் வந்து பிடியைப் பிடித்துக் கொடுத்தான்.

என் ஸ்டோரிலிருந்து ஒரு மெழுகுவத்தி கொண்டுவந்திருந்தேன். மேஸ்திரி அதை ஒரு சின்ன டின்னுக்குள் ஒட்டி, டின்னில் கம்பி கட்டி, கம்பியில் கயிறு கட்டினார். "எண்ணெய் ஏத்தின தொட்டியா இருந்தா நெருப்பக் கிட்டக் கொண்டுவரக் கூடாது. இது வெறும் தண்ணித் தொட்டி" என்று எங்களில் யாரையும் பார்க்காமல் சொன்னார். கயிற்றை வெல்டரிடம் நீட்டினார். "நீயே விடு. நான் விட்டா ஏதோ பண்ணேம்பாங்க."

மூடியைத் தள்ளினோம். உள்ளே இருட்டு. ஈரமும் இரும்பும் கலந்த ஒரு குளிர்ச்சி மட்டும் முகத்தில் பட்டது. வெல்டர் டின்னை இறக்கினான். வாயைத் தாண்டி இரண்டு முழம் போயிருக்கும், சுடர் சுருங்கியது. நீலமாக ஒரு பொட்டு நின்றது. அப்புறம் அதுவும் இல்லை.

அவன் மேலே இழுத்துப் பார்த்தான். திரியில் புகைகூட நின்றுபோயிருந்தது.

"காத்துல அணைஞ்சிருக்கும்" என்றான்.

"உள்ள ஏதுடா காத்து?" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். தலையில் போட்ட துண்டு நழுவித் தோளில் விழுந்தது, எடுக்கவில்லை. எழுந்து வந்து மகன் கையிலிருந்து டின்னை வாங்கினாள். மறுபடி கொளுத்தச் சொன்னாள். சுடர் நன்றாகப் பிடித்து எரியும்வரை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வாய்க்கருகில் மண்டியிட்டு, தூளியை இறக்குகிற மாதிரி மெதுவாக இறக்கினாள். அதே இடம். அதே நீலப் பொட்டு. அணைந்தது. மூன்றாவது தடவையும் அவளே இறக்கினாள். அணைந்த பிறகும் கயிற்றை இழுக்காமல் இருட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்த மாதிரிதான் எம் புள்ள..." என்றாள். முடிக்கவில்லை.

வெல்டர் தளத்தில் உட்கார்ந்துவிட்டான். அந்தப் பெரிய தோள்கள் குலுங்கின. "கை தெரிஞ்சுதும்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். மேஸ்திரி அவன் பக்கத்தில் போய் நின்றார். தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் கை பாதியில் நின்றது. வெல்டர் அந்தக் கையைப் பிடித்து அதன்மேல் முகத்தை வைத்துக்கொண்டான்.  எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது அம்மா திரும்பினாள். வந்த நாளிலிருந்து முதல் தடவையாக மருமகனை நேராகப் பார்த்தாள்.

"இது இப்படின்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் அத்தை."

"முன்னாடியே தெரியும். மூணு பேரு செத்ததப் பாத்திருக்கீங்க. என் பொண்ணு சொன்னா."

"ஆமா."

"அப்ப அந்த மூடிய ஏன் தெறந்து வச்சிட்டுப் போனீங்க?"

கடல் பக்கமிருந்து எங்கோ ஒரு படகின் சத்தம் வந்தது.  மேஸ்திரி தன் கையைப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் இப்போது கழற்றிய போல்ட்டுகளின் துரு அப்பியிருந்தது.

"போல்ட்டு ஒட்டிப்போயிருந்துச்சு அத்தை" என்றார். "கழட்டவே அரை நாளாச்சு. மறுபடி முடுக்கினா காலையில மறுபடி அதே பாடு. கை வலிச்சுது. ஒரு போல்ட்டாவது முடுக்கியிருக்கலாம். மனசு வரல. சொன்னாப் போதும்னு நெனைச்சேன்."

"சொன்னீங்களா?"

"சொன்னேன். சிரிச்சான். நானும் சிரிச்சேன்."

வெல்டர் அவர் கையை விட்டுவிட்டான். ஆனால் எழுந்து போகவும் இல்லை. அங்கேயே, அவர் காலடியிலேயே உட்கார்ந்திருந்தான்.

 அம்மா அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் மூடியை இழுத்து வாயைப் பாதி மறைத்துவிட்டு, அணைந்த மெழுகுவத்தியை மடியில் வைத்துக்கொண்டு பெயின்ட் டின்மேல் போய் உட்கார்ந்தாள். நேரம் போனது. ஆட்கள் ஒவ்வொருவராகப் படகில் ஏறத் தொடங்கினார்கள். சுத்தியல்காரர்கள், பிரஷ்காரர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள். பூனையின் அம்மா என்று தெரிந்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள்.

முதலில் வந்தவனைக் கையாட்டிக் கூப்பிட்டு, வாய்க்கருகில் மறுபடி மண்டியிட்டாள். "இங்க வாப்பா. இதப் பிடி."

"என்னம்மா?"

"கொளுத்தி உள்ள விடு."

அவன் மேஸ்திரியைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். அவன் விட்டான், அணைந்தது, எடுத்தான். முகம் மாறியது. "மறுபடி கொளுத்து. அடுத்தவங்கிட்டக் குடு" என்றாள். அடுத்தவன் விட்டான். அதற்கடுத்தவன் கொஞ்சம் விளையாட்டுக்காரன், வரும்போது சிரித்துக்கொண்டே வந்தான், சுடர் நீலமானபோது சிரிப்பு நின்றது. யாரையும் அவள் விடவில்லை. பெயின்ட் கலக்குகிற கிழவரை, கணக்குப் பார்க்க வந்தவரை, என்னைக்கூட. ஒவ்வொருவர் கையிலும் கயிற்றை அவளே கொடுத்தாள், அணைந்ததும் அவளே வாங்கினாள். இடையிடையே மூடியை இழுத்து மறைத்துக்கொண்டாள். வெயில் ஏறி, மண்டியிட்டிருந்த இடத்தில் இரும்பு சுட்டிருக்கும். முழங்காலைத் தூக்கவில்லை.

கடைசியில் மேஸ்திரி மட்டும் மிச்சம். அவரிடமும் கயிற்றை நீட்டினாள்.

"எனக்குத் தெரியும் அத்தை" என்றார் அவர், கெஞ்சுவது போல.

"விடுங்க."

அவர் விட்டார். டின் வாயின் ஓரத்தில் இடித்து இடித்து இறங்கியது. சுடர் அணைந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். கயிற்றை இழுக்க அவரால் முடியவில்லை. வெல்டர் எழுந்து வந்து இழுத்தான். பிறகு போய் ப்ளோயரின் குழாயைத் தூக்கித் தொட்டிக்குள் விட்டு, சுவிட்சைப் போட்டான். காற்று இரைச்சலோடு உள்ளே இறங்கியது. தளம் முழுக்க அதிர்ந்தது.

அந்த இரைச்சலுக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அம்மா மருமகன் காதருகே குனிந்தாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்க. அவ மூட்டையக் கட்டி வச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பா."

"போயி என்னன்னு சொல்ல அத்தை?"



"மெழுகுவத்தி அணைஞ்சது, மூடிய முடுக்காம விட்டது, ரெண்டையும் சொல்லுங்க" என்றாள்.

அவர் எழுந்தார். கையைத் துடைத்துக்கொள்ளாமலே பலகையில் இறங்கி, பட்டறை வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.